மலைமேல் அழிக்கப்பட்ட பெயர்
ஆதிபுராணத்துப் பரத சக்கரவர்த்தியைப் பற்றி ஓர் ஆய்வு

சமண நூலார் காலச்சுழற்சியின் ஒவ்வொரு பகுதியிலும் தோன்றும் பெருமக்களை அறுபத்து மூவர் எனக் கணக்கிடுவர். (சைவர் போற்றும் அறுபத்து மூவர் வேறு. எண் ஒன்றாயிருத்தல் கண்டு மாணவர் மயங்குதல் வேண்டா.) தீர்த்தங்கரர் 24 பேர், சக்கரவர்த்திகள் 12 பேர், பலதேவர், வாசுதேவர், பிரதிவாசுதேவர் என்போர் ஒன்பதின்மராக 27 பேர் என்பது அத்தொகையின் வகை. இவருள் சக்கரவர்த்திகளைக் குறித்து அந்நூலார் கொண்டிருந்த கருத்து நம் கவனத்துக்குரியது. பன்னிருவருள் சாந்தி, குந்து, அரர் ஆகிய மூவர் சக்கரவர்த்திகளாயிருந்து பின்னர்த் தீர்த்தங்கரரும் ஆயினர். சுபௌமன், பிரமதத்தன் ஆகிய இருவரோ ஏழாம் நரகம் புகுந்தனர். ஆறு கண்டங்களையும் ஒரு குடைக்கீழ் ஆளுதல் ஒருவனை வீட்டுக்கும் சேர்ப்பதில்லை, நரகுக்கும் தள்ளுவதில்லை. அப்பதவியில் இருந்து அவன் செய்தது யாது என்பதே வினா.

பன்னிருவருள் முதல்வன் பரதன். முதல் தீர்த்தங்கரராகிய விருஷபதேவரின் மூத்த மகன். அவனுக்குப் பதினான்கு இரத்தினங்கள், ஒன்பது நிதிகள், பணிந்து நிற்கும் 32,000 அரசர்கள், 96,000 மனைவியர், 84 இலட்சம் யானைகள், 18 கோடிக் குதிரைகள் எனப் புராணம் அடுக்கும். இவ்வெண்களைக் கண்டு நகைப்பது எளிது. இத்துணையும் உடையவனிடத்தில் குறைந்தது யாது என்று வாசிப்பவன் கேட்கவேண்டும் என்பதற்காகவே அவை குவிக்கப்படுகின்றன என்று நான் கருதுகிறேன்.

இதை எழுதத் தூண்டியது என் பிழையொன்று. பல ஆண்டுகளுக்கு முன் வந்தவாசிக்கு அருகில் ஒரு சிற்றூர்ச் சபையின் அறுப்பின் பண்டிகையில் அருளுரை ஆற்றினேன். ஆகாபு நாபோத்தின் திராட்சத் தோட்டத்தைக் கவர்ந்த பகுதி அன்றைய பாடம். விளக்கத்துக்காகப் பரதன் தன் தம்பி பாகுபலியின் நாட்டை விழைந்து போருக்குச் சென்ற கதையைச் சொல்லி, பரதனை ஆகாபின் உடன்பிறப்பாகவே காட்டிவிட்டேன். கூட்டம் கலைந்தபின் ஒரு முதியவர் காத்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நயினார் மரபினர், தம் பழைய மாணவர் சிலரின் அழைப்பின்பேரில் வந்திருந்தவர். “ஐயா, எங்கள் பரதரை நீங்கள் ஆகாபு ஆக்கிவிட்டீர்கள். அவரும் முத்தி அடைந்தவர்தாம். ஸ்ரீபுராணத்தைத் தாங்கள் முழுதும் படித்ததுண்டா?” என்று மிகுந்த பணிவோடு கேட்டார். நான் படித்திருக்கவில்லை. யாரோ எழுதிய சிறுவர் கதையொன்றைப் படித்துவிட்டு மேடை ஏறியிருந்தேன். “படித்தபின் சொல்லுங்கள்” என்று மட்டும் கூறி விடைபெற்றார்.

அவர் குறிப்பிட்ட ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள நடையில் அமைந்த தமிழ் உரைநடை நூல். தமிழ்ச் சமணர் இல்லங்களில் அறுபத்து மூவர் வரலாற்றை அறிவதற்கு அதுவே வாயில். அதற்கு மூலமாய் நிற்பது 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனரும் அவர் மாணவர் குணபத்திரரும் வடமொழியில் இயற்றிய மகாபுராணம். அதன் முற்பகுதி ஆதிபுராணம் எனப்படும். ஜினசேனர் 42 பருவங்களை முடித்து 43ஆம் பருவத்தில் மூன்று செய்யுள்கள் இயற்றிய அளவில் மறைந்தார். எஞ்சியதைக் குணபத்திரர் நிறைவு செய்தார். இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

ஜினசேனர் எழுதிய காலமும் கருதற்பாலது. 814 முதல் 878 வரை மான்யகேடத்திலிருந்து ஆண்ட இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷன் அவரைத் தன் ஆசானாக வணங்கியவன். இளம் வயதில் அரியணை ஏறிப் பங்காளிகளின் கலகத்தால் அல்லலுற்றவன் அவன். பேரரசனின் ஆசான் பேரரசனைப் பற்றிப் பாடுகிறார். எனவே அரசவைப் புலவர் போலப் புகழ்ந்திருப்பார் என எதிர்பார்த்தே நூலுக்குள் புகுந்தேன். புகழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆயின் 32ஆம் பருவத்தில் என்னை நிறுத்திய ஓர் இடம் உண்டு.

அவ்விடத்துக்கு வருமுன் பரதனின் திக்குவிசயத்தைச் சுருக்கமாகக் காண்போம். சக்கரம் முன்செல்லப் படை பின்செல்கிறது. கிழக்குக் கடலின் எல்லையில் நின்று பரதன் ஓர் அம்பு எய்கிறான். அவ்வம்பில் அவன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கடலுக்குள் வாழும் மாகத தேவன் முதலில் சினந்து, பின்னர் அம்பிலுள்ள பெயரைப் படித்துப் பணிந்து காணிக்கையுடன் வருகிறான். ஆளைக் காணுமுன் பெயர் வந்து வென்றுவிடுகிறது! தெற்கிலும் மேற்கிலும் இவ்வாறே. பின்னர் விஜயார்த்த மலையின் இருட்குகை தண்டரத்தினத்தால் திறக்கப்படுகிறது. காகிணி என்னும் இரத்தினத்தாலும் மணி இரத்தினத்தாலும் குகைச் சுவர்களில் ஞாயிறும் திங்களும் வரையப்பட, அவ்வொளியில் படை கடந்து செல்கிறது. அப்பால் மிலேச்ச அரசர் இருவர் எதிர்க்கின்றனர். ஏழு நாள் பெருமழை பெய்கிறது. குடையும் தோலுமாகிய இரத்தினங்கள் படையைக் காக்கின்றன. இப்பகுதிகளில் வருணனை மிகுதி. விரைந்து படிப்போர் சிலவற்றைத் தாண்டிச் சென்றாலும் நான் குறைகூறேன்.

இனி அந்த இடம். எல்லாத் திசைகளையும் வென்ற பரதன் விருஷபாசலம் என்னும் மலையை அடைகிறான். சக்கரவர்த்தியாவான் தன் பெயரை அம்மலைப் பாறையில் பொறித்தல் மரபு. இருட்குகையில் வழிகாட்டிய அதே காகிணியைக் கையில் ஏந்திப் பாறையை நெருங்குகிறான். அங்கே எழுத இடமில்லை. தனக்கு முன் எண்ணிறந்த சக்கரவர்த்திகள் ஆறு கண்டங்களையும் வென்று அங்கே வந்து தத்தம் பெயர்களை எழுதிச் சென்றிருக்கின்றனர். பரதன் நாணுகிறான். இம்மண்ணைத் தான் ஒருவனே ஆண்டவன் என்ற எண்ணம் அங்கே உடைகிறது. பின்னர் என்ன செய்தான்? முன்னோன் ஒருவனின் பெயரைத் தன் கையால் அழித்துவிட்டு, அவ்விடத்தில் தன் பெயரை எழுதினான்.

இந்நிகழ்ச்சியை நன்கறிந்தோர் பலர், நாணியதோடு நின்றுவிடுவர். பரதன் தன் சிறுமையை உணர்ந்தான் என்று முடித்து விடுவர். மலையடியில் செருக்கு அழிந்தது என்று அருளுரைக்கு ஏற்ற முடிவும் கிடைத்துவிடும். நூல் அங்கே நிற்கவில்லை. நாணம் வந்தது, ஆனால் கை நிற்கவில்லை. உணர்ந்த பின்னரே அழித்தான். உணராமல் அழித்திருந்தால் அது ஒரு முரடனின் செயல். உணர்ந்தபின் அழித்தமையால் அது நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்த செயலாகிவிடுகிறது.

அழிக்கும்போது பரதனின் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தையும் ஜினசேனர் சொல்கிறார். உலகத்தார் பெரும்பாலும் தன்னலமே நாடுவோர் என்று அவன் எண்ணினானாம். இத்தொடரை நான் பலமுறை திரும்பப் படித்தேன். இது தன்னைத் தானே குற்றம் சாட்டுதலா? அல்லது, எல்லோரும் இப்படித்தான், நான் மட்டும் விலக்கோ என்ற சாக்குப்போக்கா? சொற்களைக் கொண்டு முடிவு செய்ய இயலவில்லை. கவிஞர் வேண்டுமென்றே இரண்டுக்கும் இடம் வைத்தார் என்பது என் துணிபு. தன் தவற்றைக் காணும் அந்த நொடியிலேயே அதை மனிதகுலம் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்து இலேசாக்கிக்கொள்ளும் உள்ளத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட இயலுமா? தாவீதிடம் வந்து நின்ற நாத்தான் போன்ற ஒருவன் அம்மலையில் இல்லை. பேசியவன் பரதனின் உள்ளத்தில் இருந்த பரதனே.

ஜினசேனரிடம் குறையும் உண்டு. பெயரை அழித்த செய்யுளை அடுத்து, பரதன் எழுதிய புகழ்மொழியை அவர் முழுமையாகத் தருகிறார். ‘ஸ்வஸ்தி’ என்னும் மங்கலச் சொல்லோடு, கல்லிலும் செப்பேட்டிலும் அரசர் பொறிக்கும் முறையிலேயே அது தொடங்குகிறது. குலப்பெருமை, வெற்றிகள், நிதிகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. அதை இயற்றும்போது ஜினசேனர் மகிழ்ந்தே இயற்றியிருக்கிறார் என்பது சந்தத்தில் தெரிகிறது. துறவியின் எழுத்தாணி சற்று நேரம் அரசவைப் புலவரின் எழுத்தாணியாகிவிட்டது. அழிக்கப்பட்டவன் யார்? அவன் நாடு எது? அவன் எவரை வென்றான், யாருடைய பெயரை அழித்துத் தன் பெயரை எழுதினான்? நூல் சொல்லவில்லை. பரதனுக்குப் பல செய்யுள்கள், அவனுக்கு ‘யாரோ ஒருவன்’ என்னும் ஒரு சொல்.

இதற்குப்பின் நூலின் ஓட்டத்தை ஊன்றி நோக்கவேண்டும். மலையிலிருந்து திரும்பும் வழியில் பரதன் கயிலையில் எழுந்தருளியிருக்கும் தன் தந்தையாகிய விருஷபதேவரை வணங்கித் துதிக்கிறான். இது 33ஆம் பருவம். துதி உண்மையானது, பொய்ப்பத்தி என்று கருத நூலில் இடமில்லை. ஆயினும் வணங்கியவன் வணங்கியபடியே அயோத்திக்கு வருகிறான். நகர வாயிலில் சக்கரம் நின்றுவிடுகிறது. 60,000 ஆண்டுகள் எங்கும் தடையின்றிச் சென்ற சக்கரம் தன் சொந்த ஊரின் வாயிலுக்குள் நுழைய மறுக்கிறது. பணியாதவர் இன்னும் உளர் என்று புரோகிதன் விளக்குகிறான். அவர் யார்? உடன்பிறந்தோர்.

மலைக்கும் வாயிலுக்கும் உள்ள இத்தொடர்பை நான் பார்த்த மறுகூறல்களில் காணவில்லை. பெயரறியாத ஒருவனை அழித்துவிட்டு அவ்விடத்தில் தன்னை நிறுத்துவது எளிதாயிருந்தது. அங்கே எதிர்க்க ஆளில்லை. இங்கே அதே செயலைச் செய்யவேண்டும், ஆனால் அழிக்கப்பட வேண்டியவனுக்கு முகம் உண்டு, தம்பி என்னும் உறவு உண்டு. மற்றத் தம்பியர் தந்தையொருவரையே வணங்குவோம் என்று கூறி அவரிடம் சென்று துறவு பூண்டனர். பாகுபலி மட்டும் போதனபுரத்தில் நிமிர்ந்து நின்றான். தூதனுக்கு அவன் அளித்த மறுமொழியின் சாரம் இது: அரசன் என்னும் சொல்லைத் தந்தை எங்கள் இருவருக்கும் சமமாகவே பகிர்ந்தளித்தார், இப்போது அவன் அரசர்க்கரசன் என்று சொல்லிக்கொள்வது புண்மேல் எழுந்த கொப்புளம். பட்டப்பெயரைக் கொப்புளம் என்ற இந்த உவமையைப் பேரரசனின் ஆசான் எழுதினார் என்பதை மறவாதிருப்போமாக. அமோகவர்ஷன் அதைக் கேட்டானோ இல்லையோ, அதைப் பற்றி ஊகித்துக் கதை கட்டுவது நம் வேலையன்று.

போர்க்களத்தில் இரு படைகளும் எதிர்நிற்கின்றன. இங்கே அமைச்சர்கள் இடைப்படுகின்றனர். அவர்தம் வாதம் கூர்மையானது. அண்ணனும் தம்பியும் இப்பிறவியோடு வீடுபெற இருப்பவர்கள். இது அவர்தம் இறுதி உடல். ஆகவே அவரிருவருக்கும் இப்போரால் ஊறு நேராது. மடியப்போவது மற்ற மக்களே. இருவரும் தமக்குள் பொருது முடிவு செய்யட்டும் என்றனர். நூல் முழுவதிலும் பெயரில்லாதோரைக் கணக்கில் எடுத்தவர் இவ்வமைச்சர் ஒருவரே எனலாம். அவர்களுக்கும் கவிஞர் பெயர் தரவில்லை!

பார்வைப்போர், நீர்ப்போர், மற்போர் என மூன்று. பாகுபலி 525 வில் உயரமும் பரதன் 500 வில் உயரமும் உடையவர் என்பது கணக்கு. ஆதலின் பரதன் வீசிய நீர் தம்பியின் மார்பளவே எட்டியது. தம்பி வீசிய நீர் அண்ணனின் முகத்தை மூடியது. மற்போரில் பாகுபலி பரதனைத் தூக்கினான். தரையில் எறியவில்லை, மூத்தவன் என்னும் மதிப்பால் தோள்மேல் வைத்தான். தோற்ற வெட்கத்தில் பரதன் சக்கரத்தை ஏவினான். கூடியிருந்த அரசர்கள் அச்செயலைப் பழித்தனர். சக்கரம் உறவினனைக் கொல்லாது பாகுபலியை வலம்வந்து ஒளியிழந்து நின்றது. பாகுபலி அரசைத் துறந்தான்.

பாகுபலி ஓராண்டு அசையாது நின்றதும், கொடிகள் அவன்மேல் படர்ந்ததும் அனைவரும் அறிந்தவை. அத்தவத்துக்கும் முழுதறிவு கிட்டாமைக்கு உரிய காரணத்தில் சுவேதாம்பரரும் திகம்பரரும் வேறுபடுகின்றனர். 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் கூறும் வரலாற்றில் தடையாயிருந்தது செருக்கு. தனக்கு முன் துறவு பூண்ட இளைய தம்பியரை வணங்க நேருமே என்ற எண்ணம். தங்கையராகிய பிராமியும் சுந்தரியும் வந்து, யானைமீதிருந்து இறங்குக என்று உணர்த்துகின்றனர். ஜினசேனரிடத்தில் தடை வேறு. தன்னால் பரதன் துன்புற்றானே என்னும் முள் பாகுபலியின் நெஞ்சில் தங்கியிருந்தது. பரதன் வந்து வணங்கியபோதே அது நீங்கிற்று, முழுதறிவு பிறந்தது. அருளுரைக்கு ஹேமசந்திரரின் கதை மிகவும் ஏற்றது, நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆயினும் ஆழம் ஜினசேனரிடமே. வென்றவன் தன் வெற்றியால் காயம்பட்டவனை மறக்க இயலாது நிற்கிறான். தோற்ற பேரரசன் வந்து தலைவணங்கினாலன்றி வென்ற முனிவனுக்கு விடுதலை இல்லை. ஒருவனது வீடு மற்றவனது வணக்கத்துக்குக் காத்திருக்கிறது. இங்கே பரதன் கெட்டவனாகவும் பாகுபலி நல்லவனாகவும் பிரிந்து நிற்கவில்லை. நான் அன்று மேடையில் அவ்வாறு பிரித்தது நூலுக்குச் செய்த அநீதி.

சிற்பிகளின் தீர்ப்பு வேறாயிற்று. 981ஆம் ஆண்டளவில் கங்க அரசன் இராசமல்லனின் அமைச்சன் சாவுண்டராயன் சிரவணபெள்குளத்தில் பாகுபலிக்கு ஏறத்தாழ 57 அடி உயரச் சிலை எடுத்தான். எதிரேயுள்ள சந்திரகிரிக் குன்றில் பரதனுடையதென்று வழங்கும் சிலையொன்று உண்டு. ஏறத்தாழ 9 அடி, முழங்கால் அளவே தெரிவது. பெரும்பாலோர் அதைக் காணாமலே திரும்புகின்றனர். மூடுபிதிரையைச் சேர்ந்த இரத்தினாகரவர்ணி 16ஆம் நூற்றாண்டில் ‘பரதேச வைபவம்’ என்னும் கன்னடக் காவியத்தைப் பரதனையே தலைவனாக்கி இயற்றியது இக்குறையைப் போக்குதற்கே போலும். அவர் பரதன் போகத்தின் நடுவிலிருந்தே யோகத்தில் நிற்பவன். உடன்பிறந்தார் போரும் இனிய சொற்களால் தவிர்க்கப்படுகிறது. இல்லறத்தாருக்கு ஆறுதலான நூல், இசையோடு பாடப்படும் எளிய யாப்பு, இன்றும் மக்கள் விரும்புவது. ஆயினும் சக்கரத்தை ஏவிய கையைக் கழுவிவிட்டதால், வணங்க வந்த தலைக்கும் எடை குறைந்துவிட்டது. பரதனைக் காப்பாற்ற எண்ணி அவனை வறியவனாக்கினார் என்பேன்.

ஜினசேனர் காப்பாற்ற முயலவில்லை. 38ஆம் பருவத்தில் பரதன் நோன்புடையோரைத் தேர்ந்தெடுக்கும் காட்சி ஒன்று. அரண்மனை முற்றத்தில் பசுந்தளிர்களையும் முளைகளையும் பரப்பிவைத்து மக்களை அழைக்கிறான். உயிர்க்குத் தீங்காகும் என்று அவற்றை மிதிக்க மறுத்து நின்றோரைச் சிறப்பித்துப் பூணூல் அணிவிக்கிறான். பேரரசின் படைகள் மிதித்துச் சென்ற மண் எவ்வளவு! இப்போது ஒரு முளையை மிதிக்கத் தயங்கும் காலை அவன் தேடுகிறான். தான் அழித்தது எதுவென்று அவனுக்கு விளங்கத் தொடங்கியதன் அடையாளம் இது என்று படிக்கலாம். ஆனால் அவ்வாறு ஏற்படுத்திய வகுப்பும் பிற்காலத்தில் நெறிதவறும் என்று தந்தை அவனுக்கு உணர்த்துகிறார். அவன் நற்செயலுக்கும் கவிஞர் முழு மதிப்பெண் தரவில்லை. இத்தகைய நேர்மையால்தான் இந்நூலை நான் நம்புகிறேன்.

பரதன் துறவு பூணும் பகுதி 47ஆம் பருவத்தில் வருகிறது. அது குணபத்திரர் எழுதியது. கண்ணாடியில் தன் தலையில் ஒரு நரையைக் கண்ட பரதன், மகன் அருக்ககீர்த்திக்கு அரசை அளித்துத் துறந்து, மிகக் குறுகிய நேரத்திலேயே முழுதறிவு பெறுகிறான். சுவேதாம்பரர் கண்ணாடி மண்டபத்தில் விரலிலிருந்து மோதிரம் நழுவியதைக் காரணமாகக் கூறுவர். ஓராண்டு நின்ற தம்பிக்கு அரிதாயிருந்தது, அண்ணனுக்கு ஒரு நொடியில் கிட்டியது ஏன் என்று மாணவர் கேட்பதுண்டு. அரசாளும் காலத்திலேயே உள்ளத்தால் பற்றற்றிருந்தான் என்பது மரபுவழி விடை. ஜினசேனரின் 32ஆம் பருவத்தைப் படித்தவன் இவ்விடையை எளிதில் ஏற்கான். பற்றற்றவன் பாறையில் இடம் தேடுவானா?

ஸ்ரீபுராணத்தையும் மகாபுராணத்தையும் படித்து முடித்தபின் அந்த முதியவரைத் தேடிச் சென்றேன். என் பிழையை ஒப்புக்கொண்டேன். பரதர் ஆகாபு அல்லர் என்றேன், மகிழ்ந்தார். அழிக்கப்பட்ட அரசனைப் பற்றிக் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். “இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இந்தப் பகுதியைப் படித்து வருகிறோம். அவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை, ஐயா” என்றார்.

குணபத்திரரும் கேட்கவில்லை. நரை அவருக்குப் போதுமானதாயிருந்தது. ஒரு மயிர் வெளுத்ததைக் கண்டு உலகைத் துறப்பவன் நல்லவனே. ஆயின் ஜினசேனர் உயிரோடிருந்து அப்பருவத்தை எழுதியிருப்பின், முடியைக் களைந்த பரதனை ஒருமுறை அந்த மலைக்கு அனுப்பி, தன் எழுத்துக்குக் கீழே மங்கலாய்த் தெரியும் பழைய எழுத்தைப் படிக்கச் செய்திருப்பார் என்று நான் எண்ணுகிறேன்.